லுசேர்ன் ஏரிப் படுகையை மர அடுக்குகளில் செய்தல்: ஆழத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கலாம்?

கேள்வி: கரையோரன், லுசேர்ன்

அனைவருக்கும் வணக்கம். சுவிற்சர்லாந்தின் லுசேர்ன் மாநிலத்தில், சனிக்கிழமைகளில் நடைபெறும் தமிழ் வகுப்பொன்றில் புவியியல் பகுதியை நான் கவனித்து வருகிறேன். எங்கள் பிள்ளைகள் லுசேர்ன் ஏரிக் கரையிலேயே வளர்கிறார்கள். கோடையில் அதில் நீந்துகிறார்கள், கப்பலில் ஃபுளூலன் வரை போய் வருகிறார்கள். ஆனால் நீருக்கு அடியில் நிலம் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஒரு பெரிய கிண்ணம் போல இருக்கும் என்றே பெரும்பாலானோர் சொல்கிறார்கள். உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த பல பள்ளங்களின் தொடர். கெர்சாவுக்கு எதிரே 214 மீட்டர் ஆழம் இருக்கிறது. அல்ப்னாக் கிளையிலோ ஆழம் 35 மீட்டரைத் தாண்டுவதில்லை. இதைப் பிள்ளைகள் விரலால் தொட்டு உணரும்படி ஒரு மர மாதிரியாகச் செய்து வகுப்பறையில் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தரவுக்குக் குறையில்லை. கூட்டாட்சி நிலவரைவியல் அலுவலகமான சுவிஸ்டோப்போ 2021 மார்ச் மாதம் முதல் தன் தரவுகளைக் கட்டணமின்றி வழங்குகிறது. ஏரிப் படுகைக்கான சுவிஸ்பாத்தி3டி, நிலத்துக்கான சுவிஸ்ஆல்ட்டி3டி ஆகிய இரண்டையும் தரவிறக்கிக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்து வைத்திருக்கிறேன். ஊரில் உள்ள பொதுப் பட்டறை ஒன்றில் 60 செ.மீ.க்கு 40 செ.மீ. பரப்பை வெட்டக்கூடிய லேசர் இயந்திரம் இருக்கிறது. ஏரியும் கரையும் சேர்ந்து கிழக்கு மேற்காக ஏறத்தாழ 27 கிலோமீட்டரும் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 21 கிலோமீட்டரும் வருவதால், 1:60,000 அளவுத்திட்டத்தில் 45 செ.மீ.க்கு 35 செ.மீ. என்ற அளவில் பலகைக்குள் அடங்கிவிடும்.

சிக்கல் ஆழத்தில்தான் வருகிறது. அதே அளவுத்திட்டத்தில் 214 மீட்டர் என்பது மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதாவது 3 மி.மீ. பிளைவுட்டில் ஒரே ஒரு அடுக்கும் இன்னும் சிறிதும் மட்டுமே. ஆகவே ஆழத்தைப் பெரிதாக்காமல் வழியில்லை. எத்தனை மடங்கு பெரிதாக்கினால் பிள்ளைகளுக்குப் பொய் சொன்னதாகாது? ஒவ்வோர் அடுக்கும் 30 மீட்டர் என்று வைத்தால் அல்ப்னாக் கிளை ஒரே படியில் முடிந்துவிடுகிறது. 10 மீட்டர் என்று வைத்தால் அடுக்குகள் இருபதைத் தாண்டுகின்றன. ஆழம் குறைந்த இடத்தில் 10 மீட்டர் இடைவெளியும் ஆழமான இடத்தில் 30 மீட்டர் இடைவெளியும் கொடுக்கலாமா? கரையோரத்தில் இரண்டு தரவுகளுக்கும் நடுவே தெரியும் வெற்றுக் கட்டங்களை, அதாவது அளவெண் எதுவும் இல்லாத சதுரங்களை, என்ன செய்வது? பிலாற்றுஸ், ரிகி மலைகளையும் சேர்த்தே செய்தால் நன்றாக இருக்குமா? செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


மறுமொழி: வடகரையான், ரொறன்ரோ

வணக்கம் கரையோரன் ஐயா. தரவு சார்ந்த பகுதியை மட்டும் நான் எழுதுகிறேன். மர வேலையைத் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் இரு தரவுகளும் ஒரே உயர அடிப்படையில் இருக்கின்றன. சுவிஸ்பாத்தி3டி தருவது நீர்மட்டத்திலிருந்து கீழே அளந்த ஆழத்தை அல்ல, கடல் மட்டத்துக்கு மேல் ஏரிப் படுகை இருக்கும் உயரத்தை. எனவே ஏரியின் ஆழமான இடத்தில் 220 மீட்டரை ஒட்டிய எண்ணைக் காண்பீர்கள். சுவிஸ் உயரங்கள் அனைத்தும் ஜெனீவாத் துறைமுகத்தில் நீருக்கு மேலே தலைகாட்டும் பியேர் டு நித்தோன் என்னும் பாறையின் 373.6 மீட்டர் உயரத்திலிருந்து கணக்கிடப்படுபவை. நிலத்துக்கும் ஏரிக்கும் அதே அடிப்படைதான். எங்கள் பக்கத்துப் பேரேரிகளில் நிலைமை வேறு. அமெரிக்காவின் நோவா நிறுவனம் வெளியிடும் ஒன்ராறியோ ஏரியின் ஆழத் தரவில் சுழியம் என்பது கடல் மட்டமன்று, ஏரியின் தாழ்நீர் மட்டம். அது கடல் மட்டத்துக்கு 74.2 மீட்டர் மேலே இருக்கிறது. இதைக் கூட்டாமல் நில உயரத் தரவோடு ஒட்டினால் ஏரியைச் சுற்றி 74 மீட்டர் உயரத்தில் இல்லாத செங்குத்துச் சுவர் ஒன்று எழுந்து நிற்கும். வேறு நாட்டு ஏரி எதையேனும் எடுக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு வசதியும் உங்களுக்கு உண்டு. சுவிஸ் தரவு மீட்டர் அலகிலான தேசிய ஆள்கூற்று முறையில் வருவதால், அப்படியே அளவுத்திட்டத்துக்குச் சுருக்கலாம். அகலாங்கு நெட்டாங்குப் பாகைகளில் வரும் தரவை அப்படி வெட்டக் கூடாது. ஒன்ராறியோ ஏரி இருக்கும் 44 பாகை அகலாங்கை ஒட்டி, ஒரு பாகை நெட்டாங்கின் நீளம் ஒரு பாகை அகலாங்கின் நீளத்தில் ஏறத்தாழ 72 விழுக்காடுதான். பாகைகளைச் சமமாகக் கருதி வெட்டினால் ஏரி கிழக்கு மேற்காக இழுபட்டுவிடும்.

இனிச் செய்முறை. நிலத் தரவில் ஏரியின் பரப்பு ஒரு தட்டையான மேசையாக நிரப்பப்பட்டிருக்கும். ஏரிக்குள் அந்த எண்களை நீக்கிவிட்டுப் படுகைத் தரவை வைக்க வேண்டும். இதற்கு ஏரியின் எல்லையை 433 அல்லது 434 மீட்டர் சமவுயரக் கோட்டிலிருந்து எடுக்காதீர்கள். நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதாலும், ஆற்று முகத்துவாரங்களின் தாழ்ந்த நிலத்தில் அந்தக் கோடு ஊருக்குள் புகுந்துவிடுவதாலும், சுவிஸ்டிஎல்எம்3டி என்னும் நிலக்கூறுத் தரவில் வரையப்பட்டிருக்கும் ஏரிப் பலகோணமே நம்பகமானது. ஒலியலைகளால் ஆழத்தை அளக்கும் சோனார் படகு ஆழமற்ற கரையோரம் வரை நெருங்க முடியாது என்பதால்தான் நீங்கள் சொல்லும் வெற்றுக் கட்டங்கள் தோன்றுகின்றன. கரைப் பலகோணத்தின் ஓரத்துக்கு நீர்மட்ட உயரமான 433.6 மீட்டரைக் கொடுத்துவிட்டு, கியூஜிஐஎஸ்ஸில் உள்ள வெற்றுக் கட்டங்களை நிரப்பும் கருவியை இயக்கினால், கரைக்கும் அளக்கப்பட்ட பகுதிக்கும் நடுவே சீரான சரிவு கிடைத்துவிடும். உங்கள் அளவுத்திட்டத்தில் அந்த இடைவெளியின் அகலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது என்பதால் இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

அதன் பிறகு 433.6-லிருந்து படுகை உயரத்தைக் கழித்து ஆழக் கட்டம் ஒன்றை, அதாவது சதுரத்துக்குச் சதுரம் ஆழ எண்ணைக் கொண்ட தரவை, உருவாக்குங்கள். மூலத் தரவின் நுண்மை அப்படியே தேவையில்லை. 1:60,000 அளவில் 10 மீட்டர் என்பது பலகையில் 0.17 மி.மீ.; லேசர் கதிர் எரித்துச் செல்லும் பாதையின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். ஆகவே 10 மீட்டர் கட்டமாகச் சுருக்கிக்கொண்டால் கணினியும் திணறாது, கோடுகளும் தெளிவாக வரும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். கோடுகளை மென்மையாக்க வேண்டுமென்றால் கட்டத்தை முதலில் மென்மையாக்குங்கள். கோடுகளை எடுத்த பிறகு அவற்றைத் தனித்தனியாக மென்மையாக்காதீர்கள். சமஆழக் கோடுகளை ஒவ்வொன்றாக எளிமைப்படுத்தினால், செங்குத்தான சரிவுகளில் 60 மீட்டர்க் கோடு 90 மீட்டர்க் கோட்டைத் தாண்டிப் போய்விடும். வெட்டி அடுக்கும்போது மேலடுக்கு கீழடுக்கின் பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஊரி கிளையின் இரு கரைகளிலும் பாறைச் சுவர்கள் நேராக நீருக்குள் இறங்குவதால் உங்களுக்கு அந்த ஆபத்து உறுதியாக இருக்கிறது. கட்டத்தையே மென்மையாக்கிவிட்டால், அதிலிருந்து எடுக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டவே முடியாது.

கடைசியாக, கோடுகளாக எடுக்காமல் மூடிய பலகோணங்களாக எடுத்து, பலகையில் 3 மி.மீ.க்கு 3 மி.மீ.க்குக் குறைவாக வருபவற்றை, அதாவது நிலத்தில் ஏறத்தாழ 3 ஹெக்டேருக்குக் குறைந்தவற்றை, நீக்கிவிடுங்கள். அவை வெட்டும்போதே எரிந்துபோகும் அல்லது இயந்திரத்தின் தேன்கூட்டுத் தட்டு வழியாகக் கீழே விழுந்துவிடும். ஒரு விதிவிலக்கு: ரொய்ஸ் ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில், கோட்டார்ட் சுரங்க அகழ்வில் வெளிவந்த கற்களைக் கொண்டு உருவாக்கிய சிறு தீவுகள் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றை அறிந்திருப்பார்கள். அவற்றை வெட்டாமல், கீழே தெரியும் அடுக்கின் மேல் பொறிப்பாக மட்டும் போட்டுவிடலாம்.


மறுமொழி: மலைமுகடு, சூரிச்

வடகரையான் சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். நீங்கள் கேட்ட மிகைப்படுத்தல் பற்றியும் மலைகளைச் சேர்ப்பது பற்றியும் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது.

ஆழத்தைப் பெரிதாக்குவது பொய்யாகாது. ஒரே மாதிரிக்குள் இரண்டு விகிதங்களை வைப்பதுதான் பொய்யாகும். கரையிலிருந்து அடிவரை ஒரே மடங்கில் பெரிதாக்கி, அந்த எண்ணை மாதிரியின் மேலேயே எழுதிவிட்டால், பார்ப்பவர் மனத்துக்குள் அதைத் திருப்பிச் சுருக்கிக்கொள்ள முடியும். ஓரிடத்தில் ஒரு பலகை 10 மீட்டர், இன்னோரிடத்தில் அதே தடிப்புள்ள பலகை 30 மீட்டர் என்று வைத்தால், பத்து மீட்டர் ஆழமுள்ள கரையோரம் பெருஞ்சரிவாகவும் நடு ஏரி மென்சரிவாகவும் தோன்றும். விரலால் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்குப் பலகையின் ஓரத்தில் எழுதிய எண் தெரியாது, விரல் இறங்கிய ஆழம்தான் தெரியும். உங்கள் ஏரியில் உண்மை அதற்கு நேர்மாறானது. ஊரி கிளையில் சுவர் போல இறங்கும் சரிவும் அதற்குக் கீழே ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்தில் தட்டையாக விரியும் படுகையும்தான் அதன் அடையாளம்.

ஆனால் உங்கள் அல்ப்னாக் சிக்கலுக்கு எளிய தீர்வு உண்டு. விகிதத்தை மாற்றாதீர்கள், பலகையின் தடிப்பை மாற்றுங்கள். ஆறு மடங்கு என்று முடிவு செய்தால் 1:60,000-இல் 3 மி.மீ. பலகை சரியாக 30 மீட்டருக்கும், 1 மி.மீ. பலகை சரியாக 10 மீட்டருக்கும் பொருந்துகிறது. முதல் 30 மீட்டரை மூன்று 1 மி.மீ. தாள்களில் செய்யுங்கள், அவற்றில் கரைக்கோடு, 10 மீட்டர், 20 மீட்டர் ஆகியவை துளைகளாக வரும். அதற்குக் கீழே ஆறு 3 மி.மீ. பலகைகளில் 30, 60, 90, 120, 150, 180 மீட்டர்க் கோடுகள். கடைசியில் துளையில்லாத அடிப்பலகை. அதன் மேற்பரப்பு 210 மீட்டர் ஆழத்தில் அமைகிறது. ஏரியின் அதிகபட்ச ஆழம் 214 என்பதால் இதைவிடப் பொருத்தமாக ஒரு கணக்கு அமைவது அரிது. மொத்தத் தடிப்பு 24 மி.மீ. அல்ப்னாக் கிளையில் நான்கு படிகள் தெரியும். விகிதம் எங்கும் மாறவில்லை.

மெல்லிய தாள்களால் இன்னொரு நன்மையும் விளைகிறது. அடுக்கு மாதிரிகளில், துளைக்குள் தெரியும் படி எப்போதும் அந்த ஆழ வரம்பின் கீழெல்லையில் இருக்கும். 3 மி.மீ. பலகையால் தொடங்கினால் கணுக்கால் அளவு நீருள்ள இடமும் 30 மீட்டர் ஆழமாகவே காட்சி தரும். 1 மி.மீ. தாளில் அந்தப் பிழை 10 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

மலைகளைப் பொறுத்தவரை, இந்த மாதிரியில் அவற்றைச் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். பிலாற்றுஸ் 2,128 மீட்டர். ஏரி மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர். ஆறு மடங்கில் அது 17 செ.மீ. உயரக் கோபுரமாக நிற்கும். கையாள முடியாதென்று மலையை மட்டும் உண்மையான விகிதத்தில் செய்தால் 28 மி.மீ. வரும், பக்கத்திலேயே ஏரி 21 மி.மீ. ஆழத்தில் கிடக்கும். மலை உயரமும் ஏரி ஆழமும் கிட்டத்தட்டச் சமம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். உண்மையில் மலை எட்டு மடங்கு. இதைவிடக் கெடுதலான பாடம் வேறில்லை. விற்பனைக்கு வரும் அழகான மாதிரிகள் பலவற்றில் இந்தக் கலப்பு நடப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

மலையும் ஏரியும் சேர்ந்து தெரியத்தான் வேண்டுமென்றால் அதைத் தனியாக ஒரு முப்பரிமாண அச்சாகச் செய்யுங்கள். 0.1 மி.மீ. தடிப்பில் அச்சிடும் சாதாரண இயந்திரத்தில், மிகைப்படுத்தலே இல்லாமல் ஒவ்வொரு படலமும் 6 மீட்டருக்குச் சமம். ஏரிக்கு மட்டும் முப்பத்தைந்து படலங்கள் கிடைக்கும். இரண்டு மடங்காக்கினால் பிலாற்றுஸ் 56 மி.மீ., ஏரி 7 மி.மீ. மலைக்கும் ஏரிக்கும் ஒரே விகிதம் என்பதால் அதை மனநிறைவோடு வகுப்பில் வைக்கலாம். கியூஜிஐஎஸ்ஸிலேயே கட்டத்தை முப்பரிமாண அச்சுக்கான எஸ்டிஎல் கோப்பாக மாற்றும் டெம்டு3டி என்னும் துணை நிரல் இருக்கிறது. அச்சு இயந்திரத்தின் தட்டு சிறியதென்றால் நான்கு துண்டுகளாக அச்சிட்டு ஒட்டலாம்.

எல்லா ஏரிகளுக்கும் மிகைப்படுத்தல் தேவைப்படுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள க்ரேட்டர் ஏரி, ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை வெடித்து உள்நோக்கிச் சரிந்ததால் உண்டானது. அகலம் பத்துக் கிலோமீட்டருக்குள், ஆழம் ஏறத்தாழ 594 மீட்டர். 1:25,000-இல் செய்தால் 40 செ.மீ. அகலமும் 24 மி.மீ. ஆழமும் வருகின்றன, 3 மி.மீ. பலகைகள் எட்டு, ஒவ்வொன்றும் 75 மீட்டர், மிகைப்படுத்தல் ஒன்றுமில்லை. 1886-இல் கிளாரன்ஸ் டட்டன் தலைமையில் வந்த நிலவியல் ஆய்வுக் குழு, பியானோக் கம்பியில் ஈயக் குண்டைக் கட்டி 168 இடங்களில் அந்த ஏரியின் ஆழத்தை அளந்தது. 2000-இல் பல்கதிர் சோனார் கொண்டு ஏரி முழுவதையும் வரைந்தார்கள். நீருக்கு மேலே தெரியும் விசார்ட் தீவை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். ஆனால் நீர்மட்டத்துக்கு 150 மீட்டருக்கும் கீழே முகடு அமைந்திருக்கும் மெரியம் கூம்பு என்னும் எரிமலையை மாதிரி செய்தால்தான் கண்ணால் காண முடியும். ஏரி மாதிரி செய்வதன் முழுப் பயனும் எனக்கு இந்த ஒரு கூம்பில் விளங்குகிறது.

உங்கள் ஏரியிலும் அப்படிப்பட்டவை இருக்கின்றன. ஃபிட்ஸ்னாவுக்கும் கெர்சாவுக்கும் நடுவே இரு கரைகளும் மூக்கு போல நெருங்கி வரும் இடத்தில், பனியாறு விட்டுச் சென்ற கல்மண் திட்டு நீருக்கடியில் குறுக்கே கிடந்து இரு பள்ளங்களைப் பிரிக்கிறது. கட்டத்தை மென்மையாக்கிய பிறகு அந்தத் திட்டு கரைந்துபோகாமல் இருக்கிறதா என்று கட்டாயம் சரிபாருங்கள். அது மறைந்தால் ஏரி மறுபடியும் கிண்ணமாகிவிடும். 1601 செப்டம்பரில் நேர்ந்த நிலநடுக்கத்தில் ஏரியடியில் மண் சரிந்து எழுந்த அலைகள் லுசேர்ன் நகரைத் தாக்கின; 1687-இல் மூவோத்தா ஆற்றின் கழிமுகம் நீருக்கடியில் சரிந்து மீண்டும் அலைகள் எழுந்தன. அந்தச் சரிவுகளின் தழும்புகள் சோனார்த் தரவில் இன்றும் தெரிகின்றன. அவற்றின் உயரம் அடுக்குகளில் பிடிபடாத அளவு சிறியது. எனவே நிழலிட்ட படமொன்றை அதே அளவில் அச்சிட்டு மாதிரிக்குப் பக்கத்தில் வைக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

நீங்கள் லுசேர்னிலேயே இருப்பதால் பிள்ளைகளைப் பனியாற்றுத் தோட்ட அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். ஃபிரான்ஸ் லூட்விக் ஃபைஃபர் என்னும் தளபதி இந்த ஏரியைச் சுற்றியுள்ள மலைநாட்டைத் தாமே அளந்து 1786-இல் முடித்த புடைப்பு மாதிரி அங்கே இருக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 26 சதுர மீட்டர். செயற்கைக்கோளும் கணினியும் இல்லாத காலத்தில் ஒருவர் மலைமலையாக ஏறி அளந்து செய்தது அது.


மறுமொழி: இழைப்புளி, கோவை

வணக்கம். லேசர் வெட்டுப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் பலகை சார்ந்த சிலவற்றைச் சொல்கிறேன். மலைமுகடு கொடுத்த அடுக்குக் கணக்கு மிக நன்றாக இருக்கிறது. அதையே அடிப்படையாக வைத்துப் பேசுகிறேன்.

உங்கள் ஏரியில் வேலையின் கடினம் முழுவதும் ஊரி கிளையின் சுவர்களில் இருக்கிறது. 45 பாகைச் சரிவில் 30 மீட்டர் இறங்கினால் கிடைமட்டத்திலும் 30 மீட்டர்தான் நகரும். அது பலகையில் அரை மில்லிமீட்டர். அந்த இடத்தில் ஒவ்வோர் அடுக்கும் அதற்கு மேலுள்ளதைவிட அரை மில்லிமீட்டர் மட்டுமே உள்ளே நீளும். ஒட்டும்போது ஓர் அடுக்கு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் படி காணாமல் போய்விடும். கீழ்ப்பலகையில் மேலடுக்கின் எல்லையை மெல்லிய கோடாகப் பொறித்துக்கொண்டு கண்ணால் பொருத்துவது வழக்கம். இங்கே அது போதாது. எல்லா அடுக்குகளிலும் ஏரிக்கு வெளியே, மூலைகளை ஒட்டி, 3 மி.மீ. துளைகள் வெட்டி, அவற்றில் மரக்குச்சியைச் செருகி அடுக்குங்கள். துளைகள் ஒன்றுக்கொன்று சமச்சீராக இல்லாமல் ஒன்று சற்றுத் தள்ளி இருக்கட்டும். அப்போது எந்தப் பலகையும் தலைகீழாகவோ திரும்பியோ உட்கார முடியாது. குச்சிக்கும் துளைக்கும் இடையே ஆட்டம் இல்லாதபடி, முதலில் ஒரு துண்டுப் பலகையில் 2.8, 2.9, 3.0 என்று துளையிட்டுப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வோர் அடுக்கையும் டிஎக்ஸ்எஃப் அல்லது எஸ்விஜி கோப்பாக எடுக்கும்போது வெளிச் செவ்வகமும் குச்சித் துளைகளும் எல்லாக் கோப்புகளிலும் ஒரே ஆள்கூற்றில் இருக்க வேண்டும். செவ்வகம் இல்லாமல் ஏரியின் கோட்டை மட்டும் அனுப்பினால், வெட்டு மென்பொருள் அதைத் தானாகவே நடுவில் கொண்டுபோய் வைத்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வோர் இடத்தில் உட்காரும்.

பலகை வாங்கும்போது தடிப்பை அளக்கும் வெர்னியர் அளவுமானியை எடுத்துச் செல்லுங்கள். 3 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் பிளைவுட் 2.7-லிருந்து 3.3 வரை வருவதுண்டு. ஆறு பலகைகளில் அந்த வேறுபாடு சேர்ந்தால் உங்கள் ஆறு மடங்குக் கணக்கு ஆட்டம் காணும். ஒரே கட்டிலிருந்து பலகைகளை எடுங்கள். பிர்ச் பிளைவுட்டே இதற்கு ஏற்றது. அதில் உள்ளே வெற்றிடங்கள் குறைவு என்பதால் விளிம்பு சீராக இருக்கும். அடுக்கு மாதிரியில் கண்ணுக்குத் தெரிவதே விளிம்புதான். வெட்டுவதற்கு முன் இருபுறமும் காகித நாடாவை ஒட்டிவிட்டால் புகைக்கறை மேற்பரப்பில் படியாது. பிவிசி கலந்த தாள் எதையும், நீல நிறம் அழகாக இருக்கிறதென்று கூட, லேசர் இயந்திரத்துக்குள் வைக்காதீர்கள்; அதிலிருந்து வெளிவரும் குளோரின் சார்ந்த வாயு மனிதர்களின் நுரையீரலையும் இயந்திரத்தின் உலோகத்தையும் ஒருசேரக் கெடுத்துவிடும்.

ஒட்டுவதில் இரண்டு பசைகள் தேவை. 3 மி.மீ. பலகைகளுக்கு வெள்ளை மரப்பசையே போதும். துளையின் விளிம்பிலிருந்து நான்கைந்து மில்லிமீட்டர் உள்தள்ளி மெல்லியதாகப் பூசி, சமமான பலகைக்கு நடுவே வைத்து இரவு முழுவதும் பாரம் ஏற்றுங்கள். அரை மில்லிமீட்டர்ப் படிகள் இருக்கும் இடத்தில் பிதுங்கி வழிந்த பசையைப் பிறகு சுரண்டி எடுக்கவே முடியாது. 1 மி.மீ. தாள்களுக்கு இந்தப் பசை கூடாது. அதிலுள்ள நீரை உறிஞ்சித் தாள் ஓரங்களில் சுருண்டு எழும்பும். அவற்றுக்குத் தெளிப்புப் பசையையோ இருபுறமும் ஒட்டும் படலத்தையோ பயன்படுத்துங்கள். படலத்தைத் தாளில் ஒட்டிவிட்டே வெட்டலாம் என்பதால் அதுதான் எனக்குப் பிடித்த வழி.

நீல நிறம் கொடுப்பதாக இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாகச் சாயமேற்றிக் காயவைக்க வேண்டும். மேலே இளநீலம், கீழே கருநீலம் என்று மூன்று நான்கு நிறங்கள் போதுமானவை. பலகைக்குப் பலகை நிறம் மாற்றினால் படிகளைவிட நிறமே முன்னால் நிற்கும். பள்ளத்தில் எபாக்சி என்னும் இறுகும் பிசினை ஊற்றி நீர்போலக் காட்டுவதைப் பலர் விரும்புகிறார்கள், பார்க்க அழகுதான். ஆனால் பிள்ளைகள் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எபாக்சி ஊற்றிய பிறகு விரலுக்குக் கிடைப்பது வழுவழுப்பான ஒரு மேல்தளம் மட்டுமே. உங்கள் நோக்கத்துக்கு அது வேண்டாம்.


மறுமொழி: கரையோரன், லுசேர்ன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மலைகளை இந்த மாதிரியிலிருந்து விலக்கிவிட்டு, மேல் தாளில் பிலாற்றுஸ், ரிகி ஆகியவற்றின் இடத்தையும் உயரத்தையும் மட்டும் பொறித்து, மலையும் ஏரியும் சேர்ந்த இரண்டு மடங்கு அச்சைத் தனியாகச் செய்வதென்று முடிவு செய்திருக்கிறேன். ஆறு மடங்கு, மூன்று மெல்லிய தாள்கள், ஆறு பலகைகள், ஓர் அடிப்பலகை என்ற கணக்கையே பின்பற்றுகிறேன். கட்டத்தை மென்மையாக்கிக் கோடுகளை எடுத்துப் பார்த்தேன். ஃபிட்ஸ்னாவுக்கும் கெர்சாவுக்கும் நடுவேயுள்ள திட்டு தெளிவாக நிற்கிறது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மேல் தாள் 1 மி.மீ. மட்டுமே என்பதால், கரையோரத்தில் பிள்ளைகளின் நகம் பட்டுப் பெயர்ந்துவிடாதா? மேலும், வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருவர் இருக்கிறார். எழுதிய எண்கள் அவருக்குப் பயன்படாது. ஆழத்தையும் மிகைப்படுத்தலையும் அவருக்கு எப்படித் தெரிவிப்பது?


மறுமொழி: இழைப்புளி, கோவை

மேல் தாளின் கரைக்கோடு முழுவதையும் 320 எண் உப்புத்தாளால் ஒருமுறை இலேசாக உருட்டிவிட்டு, நீர் கலந்த வார்னிஷை விளிம்பில் இரண்டு பூச்சுக் கொடுங்கள். வார்னிஷ் மர இழைகளுக்குள் இறங்கி இறுகிவிட்டால் நகம் பட்டாலும் பெயராது. நீண்டு ஒடுங்கிய நிலமுனைகள் இருக்கும் இடங்களில் மட்டும், தாளின் அடியில் ஒட்டும் படலம் ஓரம் வரை போயிருக்கிறதா என்று பாருங்கள்.


மறுமொழி: மலைமுகடு, சூரிச்

அந்த மாணவிக்காக மாதிரியின் வலப்பக்கத்தில், ஏரிக்கு வெளியே உள்ள வெற்றுப் பகுதியில், 2 செ.மீ. அகலச் செவ்வகத் துளை ஒன்றை எல்லா அடுக்குகளிலும் படிப்படியாகச் சிறிதாகும்படி வெட்டுங்கள். அது மேலிருந்து அடிவரை இறங்கும் படிக்கட்டாக அமையும்: முதல் மூன்று படிகள் பத்துப் பத்து மீட்டர், அதற்குப் பிறகு முப்பது முப்பது மீட்டர். ஒவ்வொரு படியிலும் ஆழத்தின் எண்ணைப் பிரெய்ல் புள்ளிகளாக வைக்கலாம். லேசர் பொறிப்பு குழியாகத்தான் வரும் என்பதால் புள்ளிகளைப் பொறிக்காமல், சிறு துளையிட்டு அதில் உருண்டைத் தலையுள்ள ஊசிகளைச் செருகி ஒட்டுங்கள். மாணவி ஒரு கையை ஏரிக்குள்ளும் மறு கையை இந்தப் படிக்கட்டிலும் வைத்து ஆழத்தை ஒப்பிட்டுக்கொள்ளலாம். பார்வையுள்ள பிள்ளைகளும் எண்ணைப் படிப்பதைவிட இதைத்தான் விரும்புவார்கள்.

மிகைப்படுத்தலுக்கு, அதே ஓரத்தில், ஏரியின் உண்மையான ஆழமான மூன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு தனிப் பள்ளம் வெட்டி, பக்கத்திலேயே 21 மி.மீ. பள்ளம் ஒன்றையும் வையுங்கள். மூன்று மெல்லிய தாள்களின் தடிப்பு 3 மி.மீ. என்பதால், அவற்றில் மட்டும் துளையிட்டுவிட்டு, அதற்கு அடுத்த பலகையை அந்த இடத்தில் அரை மில்லிமீட்டர் மட்டும் பொறித்தால் முதற் பள்ளம் கிடைத்துவிடும். 21 மி.மீ. பள்ளத்துக்கு, அடிப்பலகையைத் தவிர மற்ற எல்லா அடுக்குகளிலும் துளையிட்டால் போதும்.